வானத்தில் கோடு போடுமுன்: கிராமத்து அமைதிக்கு எந்த வழியில் போராடுவது?

எங்கள் சமையலறை ஜன்னல் ஓரத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு கிடக்கிறது. மாலை 7 மணிக்குத் திறந்தால் 8 மணிக்கு மூடுவோம். விமானம் வந்த நேரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, தோட்டத்தில் பேச்சை நிறுத்த வேண்டியிருந்ததா என்று மூன்று பத்திகள். நேற்று மொத்தம் நாலு வரி. முந்தாநாள் ஒரே வரி; அதுவும் வெகு உயரத்தில் போன ஒன்றை என் மகள் கண்ணால் கண்டுபிடித்து எழுதியது, சத்தம் கேட்கவே இல்லை. இப்படி வெறுமையாகக் கிடக்கும் நோட்டுக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால், எங்கள் ஊருக்கு மேலே புதிய விமானப் பாதை வரக்கூடும்; அதை எதிர்க்க இந்த வெறுமைதான் நாளைக்கு எங்கள் ஆதாரம்.

போன கோடையில் அம்மா கம்பத்திலிருந்து வந்து மூன்று மாதம் இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவிலேயே வாழ்நாளைக் கழித்தவள். முதல் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்து, "என்னடா தம்பி, காதுக்குள்ள ஙொய்ங்குது, எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் அதுவரை கேட்டிராத அமைதி அது. பத்தே நாளில் எந்த ஆந்தை எந்த ஓக் மரத்தில் உட்கார்ந்து கத்துகிறது என்று எனக்கே காட்டித்தர ஆரம்பித்துவிட்டாள்.

நாங்கள் இருப்பது தெற்கு இங்கிலாந்தில், ஐந்நூறு பேர்கூட இல்லாத ஒரு கிராமத்தில். விமான நிலையம் அடுத்த கவுண்டியில், அதாவது அடுத்த மாவட்டத்தில், இருக்கிறது; அதன் பெயர் இங்கே வேண்டாம். தரையிறங்கும் விமானங்களுக்கான புதிய பாதைகளின் ஆரம்ப வரைவுகள் எங்கள் கைக்கு வந்துள்ளன. அவற்றில் இரண்டு எங்கள் பள்ளத்தாக்கின் நெடுக்கே போகின்றன. ஊரில் சுமார் 9,000 பவுண்டு திரட்டியிருக்கிறோம். அதை எதில் போடுவது என்று அடுத்த மாதம் வாக்கெடுப்பு. வக்கீல் வைப்போம் என்று ஒரு தரப்பு, பாதையை வேறு பக்கம் நகர்த்தச் சொல்வோம் என்று ஒரு தரப்பு, வடிவமைப்பவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசுவோம் என்று ஒரு தரப்பு. குழுவில் நானும் இருக்கிறேன். மற்ற ஊர்களில் இதே நிலையில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் கேட்டதால், எங்கள் குழுவுக்காகத் திரட்டிய ஒப்பீட்டை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுமுன், எதை எதிர்க்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். பிரிட்டனின் வான்வழி அமைப்பின் அடிப்படை 1950களிலும் 60களிலும் போடப்பட்டது. தரையில் நட்ட ரேடியோ வழிகாட்டிகளை வைத்துப் பறந்த காலத்தில், ஒரே பாதை என்று சொன்னாலும் விமானங்கள் இங்கும் அங்குமாகச் சிதறித்தான் போகும். புறப்படும் விமானங்களுக்கு ஒதுக்கிய தடத்தின் அகலமே 3 கிலோமீட்டர். செயற்கைக்கோள் வழிநடத்தல் வந்தபின் விமானங்கள் எறும்புச் சாரி போல ஒரே கோட்டில் போகின்றன. எரிபொருள் மிச்சம், கட்டுப்பாட்டு அறைக்கு வேலைச்சுமை குறைவு. இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பு முப்பது ஊர்கள் பங்குபோட்டுக்கொண்ட சத்தம் முழுவதும் கோட்டின் அடியில் இருப்பவர் தலையில் இறங்குகிறது.

இந்த நாட்டில் ஒரு கதவு முதலிலேயே பூட்டிக் கிடக்கிறது. 1982ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 76: விதிகளுக்கு உட்பட்டு, நியாயமான உயரத்தில் பறக்கும் விமானத்தின் மீது அத்துமீறல் என்றோ தொல்லை என்றோ வழக்குப் போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் நள்ளிரவில் மோட்டார் ஓட்டினால் உங்களுக்கு இருக்கும் உரிமை, தலைக்கு மேலே போகிறவரிடம் கிடையாது. அதனால் "சத்தம் தாங்கவில்லை, நிறுத்தச் சொல்லுங்கள்" என்று நீதிபதி முன் நிற்கும் வழியே இல்லை. பாதையை அங்கீகரித்த முடிவைத்தான் எதிர்க்க முடியும்.

அந்த முடிவை எடுப்பவர்கள் கணக்குப் பார்க்கும் விதம்தான் கிராமங்களுக்கு அடுத்த சிக்கல். இங்கே அரசின் வழிகாட்டுதல்படி, பகலில் 16 மணி நேரச் சராசரி 51 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்ற அளவிலிருந்துதான் பாதிப்பு என்று எண்ணத் தொடங்குகிறார்கள். சராசரி என்பதைக் கவனியுங்கள். காலை முழுக்கத் தலைக்கு மேல் விமானமும் பிற்பகல் முழுக்க அமைதியும் என்றால், இரண்டையும் கலந்து ஒரு எண் வரும். விமானங்களில் பாதியை நிறுத்தினாலும் அந்த எண் 3 டெசிபெல்தான் இறங்கும். காற்றில்லாத மாலையில் எங்கள் புல்வெளியில் இருப்பது அநேகமாக 30-ஐ ஒட்டிய அளவு. அதன்மேல் 60 டெசிபெல்லில் ஒரு விமானம் வந்தால் பேச்சு நிற்கிறது, குருவிச் சத்தம் காணாமல் போகிறது. ஆனாலும் நாளின் சராசரி 51-ஐத் தொடாது. அவர்கள் வரைபடத்தில் எங்கள் ஊர் வெள்ளையாகவே இருக்கும். விமான இரைச்சலுக்கு உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கென்று 2018இல் பரிந்துரைத்த அளவு 45 டெசிபெல், இரவுக்கு 40. அதைப் பின்பற்ற இங்கே சட்டக் கட்டாயம் இல்லை.

இதில் தலைக்கணக்கும் சேர்கிறது. குறைந்த உயரத்தில் மக்கள்மேல் விழும் மொத்த இரைச்சலைக் குறைப்பதே முதல் நோக்கம் என்று வைத்துக்கொண்டால், ஆள் குறைந்த இடத்தின் மேல் கோடு போடுவதுதான் கணக்குக்குச் சரியாக வரும். அந்தக் கணக்கில் இதயமே இல்லை என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நகரத்தில் ஆயிரம் பேர் தூங்குவதற்காக இங்கே நூறு பேர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றால், அதற்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது. என் பதில்: அந்த ஆயிரம் பேரில் பலரும் அமைதிக்காக ஞாயிற்றுக்கிழமை நடக்க வருவது இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான். அதைக் கலைத்துவிட்டால் அவர்களுக்கும் போக்கிடம் இல்லை. அதைவிட முக்கியமாக, நகரம் அல்லது கிராமம் என்ற இந்த எதிர்நிலையே பல சமயம் பொய்யானது; உயரத்தைக் கூட்டினால் இரண்டு பேருக்கும் சத்தம் குறையும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நீதிமன்றம். கூட்டத்தில் அதிகம் கைதட்டு வாங்கியது இந்த யோசனைதான், அதனால் இதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன்.

எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ். 2014 செப்டம்பரில் அங்கே மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் புறப்பாட்டுப் பாதைகளை மாற்றியது. பழமையான குடியிருப்புகளின் மேல் விமானங்கள் வரிசைகட்டின. முந்தைய ஆண்டு முழுக்க வந்ததைவிட அதிகமான புகார்கள் ஒரே வாரத்தில் வந்தன. நகராட்சியும் குடியிருப்போரும் வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்ட் 29 அன்று வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தப் பாதைகளை ரத்து செய்தது. விமான நிலையத்தின் கீழ்நிலை ஊழியர்கள் சிலரிடம் சொன்னதையே கலந்தாலோசனை என்று நிர்வாகம் கணக்குக் காட்டியதை நீதிபதிகள் ஏற்கவில்லை. மறு ஆண்டே மேற்கு நோக்கிய புறப்பாடுகள் ஏறத்தாழ பழைய தடங்களுக்குத் திரும்பின. கேட்கவே தெம்பாக இருக்கும் கதை.

ஆனால் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதிவாசிகள் தங்கள் தலைக்கு மேல் வந்த புதிய பாதைகளை எதிர்த்துப் போட்ட வழக்கை அதே நீதிமன்றம் 2018இல் தள்ளுபடி செய்தது. காரணம் காலக்கெடு. நிர்வாகம் இறுதி முடிவை அறிவித்தது 2013 டிசம்பரில். அங்கே சட்டம் தரும் அவகாசம் 60 நாள். குடியிருப்போர் வழக்குப் போட்டது 2015 ஆகஸ்டில். தலைக்கு மேல் சத்தம் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு விஷயமே தெரிந்தது. நீதிமன்றத்துக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை. ஃபீனிக்ஸும் 60 நாளைத் தாண்டித்தான் வந்தது. ஆனால் அங்கே நிர்வாகம் "சரிசெய்யப் பார்க்கிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் காத்திருக்க வைத்ததால் தாமதம் மன்னிக்கப்பட்டது. அந்தக் கடிதப் போக்குவரத்து இல்லாமல் இருந்திருந்தால் ஃபீனிக்ஸும் வாசலிலேயே திரும்பியிருக்கும்.

இங்கிலாந்தில் அவகாசம் அதிகபட்சம் மூன்று மாதம். அதற்குள்ளும் தாமதமில்லாமல் வர வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளில் தோற்றால் எதிர்த்தரப்புக்குத் தர வேண்டிய செலவுக்கு உச்சவரம்பு உண்டு: தனி ஆளுக்கு 5,000 பவுண்டு, அமைப்புக்கு 10,000. இது நல்ல பாதுகாப்பு. ஆனால் நம் வக்கீலுக்கு நாம் கொடுப்பது இதில் சேராது. எங்கள் 9,000 அமைப்புக்கான அந்த உச்சவரம்பையே எட்டவில்லை.

இங்கே நடந்த ஒன்றையும் பார்க்க வேண்டும். ஃபார்ன்பரோ விமான நிலையத்தைச் சுற்றிய வான்வெளி மாற்றத்துக்கு, இந்த நாட்டில் அத்தகைய மாற்றங்களை முடிவுசெய்யும் விமானப் போக்குவரத்து ஆணையம் 2018இல் ஒப்புதல் தந்தது. அருகில் உள்ள லாஷம் கிளைடர் சங்கம் (கிளைடர் என்பது இன்ஜின் இல்லாமல் மிதந்து பறக்கும் விமானம்) எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. லாஷம் வெறும் பொழுதுபோக்குக் கழகம் இல்லை. நாட்டின் மிகப் பெரிய கிளைடர் தளங்களில் ஒன்று, வானம் அவர்கள் தொழில், விஷயம் தெரிந்தவர்கள். 2019இல் வழக்கு தள்ளுபடியானது. 2020 பிப்ரவரியில் மாற்றம் அமலுக்கு வந்தது. பாதுகாப்பு, செயல்திறன், சுற்றுச்சூழல் என்று பலவற்றை எடைபோடும் பொறுப்பைச் சட்டம் ஆணையத்திடம் கொடுத்திருக்கிறது. எடைபோட்டதற்கான தடம் கோப்பில் இருந்தால், எடை சரியில்லை என்று நீதிபதி எளிதில் சொல்ல மாட்டார். தோற்பது இப்படி. வென்றாலோ, முடிவு ரத்தாகி அதே மேசைக்குத் திரும்பும். நடைமுறையைச் சரியாகச் செய்து அதே கோட்டை மறுபடி போடத் தடை இல்லை.

ஆகவே என் கணிப்பில் நீதிமன்றம் கடைசியில் எடுக்க வேண்டிய கருவி. ஆனால் அதற்கான கோப்பை முதல் நாளே தொடங்க வேண்டும். யாரிடம் எப்போது கேட்டோம், என்ன பதில் வந்தது, எது மறுக்கப்பட்டது என்ற வரிசைதான் பின்னால் வழக்கைத் தாங்கும்.

அடுத்த தரப்பு, "நகர்த்தச் சொல்வோம்". கூட்டத்தில் ஒருவர் பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து, தெற்கே உள்ள மேட்டைக் காட்டி, "இங்கே ஆளே இல்லையே, இதன் மேல் போகட்டும்" என்றார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். வயது எழுபதுக்கு மேல். வரைபடத்தில் அந்த மேட்டின் ஓரத்தில் இருந்த சின்னக் கறுப்புச் சதுரத்தின் மேல் விரலை வைத்தார். "இது என் வீடு" என்றார். அந்த அறையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். யாரும் பேசவில்லை. வரைபடத்தை விரித்தவரே அதை மடித்தார்.

அந்தச் சதுரத்தை நான் மறக்கப் போவதில்லை. எங்களைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவர் வீட்டைக் காட்டினால், விமான நிலையமும் எங்களைக் காட்டியதற்கு அதே நியாயத்தைச் சொல்லும். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையிலும் இது தோற்கும் வழி. ஊருக்கு ஊர் அடித்துக்கொள்வதைக் காட்டி, "யாரை விட்டாலும் இன்னொருவர் எதிர்க்கத்தான் செய்வார், எங்கள் வரைவே இருக்கட்டும்" என்று சொல்லிவிடலாம்.

லண்டனுக்குத் தெற்கே உள்ள கேட்விக் விமான நிலையத்தைச் சுற்றி நடந்தது இதற்குப் பாடம். 2014 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை அங்கே அட்னிட் என்ற பெயரில் புறப்பாட்டுச் சோதனை ஒன்று நடந்தது. வார்ன்ஹம், ரஸ்பர் போன்ற சசெக்ஸ் கிராமங்களின் மேல் புதிதாக விமானங்கள் வந்தன. எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. சோதனை முடிந்த பிறகு அந்தப் பாதை நிரந்தரமாகவில்லை. வடிவமைத்தவர்கள் ஒரு கோட்டைக் கைவிடவும் செய்வார்கள் என்பதற்கு அது சாட்சி. கிழக்கே கதை வேறு. 2013இல் தரையிறங்கும் விமானங்கள் இறுதி நேர்கோட்டில் சேரும் இடத்தை வெளியே தள்ளினார்கள். 10 கடல் மைலுக்கு அப்பால்தான் சேர வேண்டும் என்று ஆனது. பரந்து வந்த விமானங்கள் குறுகிய பட்டைக்குள் அடங்கின. பென்ஸ்ஹர்ஸ்ட், ஹீவர், சிடிங்ஸ்டோன் என்று நூற்றாண்டுகள் பழமையான ஊர்களும் கோட்டைகளும் உள்ள பகுதி அது. தொடர்ந்த எதிர்ப்பால் சுயேச்சையான மறுஆய்வு ஒன்று வைக்கப்பட்டு, 2016 ஜனவரியில் 23 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. சேரும் இடத்தை 8 கடல் மைல் வரை உள்ளே கொண்டுவந்து, பட்டையை மறுபடி அகலப்படுத்தச் சொன்னது அதில் முக்கியமானது. அகலப்படுத்தியபோது உள்பக்க ஊர்களுக்கும் பங்கு போய்ச் சேர்ந்தது. சத்தம் எங்கும் மறையவில்லை.

ஆகவே "எங்கே" என்பதைவிட "எப்படிப் பகிர்வது" என்ற கேள்வியில்தான் ஊர்கள் சேர்ந்து நிற்க முடியும். ஒரே கோட்டில் குவிப்பது, பரப்புவது, இரண்டு மூன்று பாதைகளை முறைவைத்து மாற்றுவது என்று மூன்று விதம். ஹீத்ரோவில் மேற்கு நோக்கித் தரையிறங்கும் நாட்களில் பிற்பகல் 3 மணிக்கு ஓடுபாதையை மாற்றுகிறார்கள்; காலையில் சத்தம் வாங்கிய தெருவுக்கு மாலை ஓய்வு. அந்த நேரத்தை நம்பி அங்கே மக்கள் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள். கிராமத்துக்கு எனக்குப் பிடித்தது இந்த முறைவைப்புதான். செயற்கைக்கோள் வழிநடத்தல் பழையபடி தானாகச் சிதறாது; ஆனால் பல கோடுகளை எழுதி, எந்த நாளில் எது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க அதற்கு முடியும். என்றைக்குச் சத்தம் என்று தெரிந்தால் கல்யாணத்தையும் கூரை வேலையையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். குவிப்புக்கு நான் எந்த நிலையிலும் கை தூக்க மாட்டேன்.

மூன்றாவது வழி, வடிவமைப்பு நடைமுறைக்குள்ளேயே போய் உட்காருவது. கூட்டத்தில் இதற்குக் கைதட்டு வரவில்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

2018 ஜனவரி முதல் பிரிட்டனில் வான்வெளி மாற்றம் கேப் 1616 என்ற நடைமுறையின்படி நடக்கிறது. ஏழு கட்டங்கள். முதல் கட்டத்தில் வடிவமைப்புக் கோட்பாடுகள், இரண்டாவதில் சாத்தியமான பாதைகளின் பட்டியலும் வடிகட்டலும், மூன்றாவதில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு, பிறகு திருத்தம், முடிவு, அமலாக்கம், கடைசியில் நடைமுறைக்கு வந்தபின் மறுஆய்வு. பெரும்பாலான ஊர்கள் விழித்துக்கொள்வது மூன்றாவது கட்டத்தில், துண்டறிக்கை வாசலில் விழும்போது. அதற்குள் பல சாத்தியங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். எஞ்சியதில் எது வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள். எங்கள் ஊர் முதல் கட்டத்தைத் தவறவிட்டது. அதற்கான மின்னஞ்சல் பாரிஷ் கவுன்சில் என்ற எங்கள் ஊராட்சி மன்றத்தின் பெட்டியில் ஐந்து வாரம் படிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. இரண்டாவது கட்டத்தில் இப்போது நிற்கிறோம். இன்னும் கதவு திறந்திருக்கும் கடைசி இடம் இது என்றே நினைக்கிறேன்.

இங்கே பேசக் கையில் ஆயுதங்கள் இருக்கின்றன. 2017இல் வந்த அரசு வழிகாட்டுதல் உயரத்தை வைத்து முன்னுரிமையைப் பிரிக்கிறது. 4,000 அடிக்குக் கீழே இரைச்சல்தான் முதன்மை. 4,000 முதல் 7,000 வரை இரைச்சலுக்கு முன்னுரிமை, ஆனால் கார்பன் வெளியீடு அளவுக்கு மீறிக் கூடக் கூடாது. அதற்கு மேலே கார்பன். 7,000 அடிக்குக் கீழே போகும் பாதைகள், முடிந்தவரை தேசியப் பூங்காக்களையும் எழில்மிகு நிலப்பகுதிகளையும் தவிர்ப்பது விரும்பத்தக்கது என்றும் அதில் இருக்கிறது. "விரும்பத்தக்கது" என்பது மென்மையான சொல். அதற்குக் கொஞ்சம் வலு சேர்த்தது 2023ஆம் ஆண்டுச் சட்டம்: அத்தகைய பகுதிகளைப் பாதிக்கும் முடிவுகளில், அவற்றின் நோக்கத்தை முன்னெடுக்க முயல்வது பொது அமைப்புகளின் கடமை என்று ஆனது. முன்பு "கருத்தில் கொண்டால்" போதும். உங்கள் ஊர் அப்படிப்பட்ட எல்லைக்குள் இருந்தால், அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் அந்தக் கேள்வி கோப்பில் நிற்கும்.

இன்னொன்று. வரைவில் எழுதப்படும் உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. ஆசிரியை வீட்டு மேடு கடல்மட்டத்துக்கு 700 அடிக்கு மேல். 3,500 அடி என்று வரைவில் இருந்தால் அவர் கூரைக்கு மேல் 2,800 அடிதான். இதைக் காட்டியபோது வடிவமைப்புக் குழுவில் இருந்து வந்தவர் மறுக்கவில்லை, குறித்துக்கொண்டார். மூன்று மாத முழக்கத்தில் கிடைக்காதது அந்த ஒரு குறிப்பில் கிடைத்தது.

எடின்பரோவில் 2015 ஜூனில் தொடங்கிய டூட்டூர் என்ற சோதனைப் பாதை ஆறு மாதம் நடக்க வேண்டியது. எதிர்ப்பால் அக்டோபர் இறுதியிலேயே நிறுத்தினார்கள். அதன் பிறகு விமான நிலையம் கொடுத்த பாதைமாற்றத் திட்டத்தை ஆணையம் 2018இல் நிராகரித்தது. நீதிமன்றம் போகாமலே கோப்பு திரும்பிய உதாரணம். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் 2017 செப்டம்பரில் டன்அலி போன்ற கிராமப்புறங்களின் மேல் புதிய தரையிறங்கு பாதை வந்தபோது, மக்கள் போனது விமான இரைச்சல் குறைகேள் அதிகாரியிடம். மக்களோடு கலந்துபேசியதிலும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டிலும் குறை இருந்ததை அவர் 2018 அறிக்கையில் எழுதினார். பாதைகளை மறுபடி வடிவமைத்து 2019இல் மாற்றினார்கள். அப்படி ஓர் அதிகாரி பிரிட்டனில் இல்லை. விமான இரைச்சலுக்கென 2019இல் தொடங்கிய சுயேச்சை ஆணையத்தையும் 2021இல் மூடிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே இருந்த அமைப்புதான் என்றாலும், சாதாரண மக்கள் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது.

நான்காவது ஒரு வழி இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் யாரும் அதைத் தனியாக முன்வைக்கவில்லை. பாதையைத் தொடாமல் பறக்கும் விதத்தை மாற்றுவது. படிப்படியாக இறங்கி, இடையில் சமதளமாகப் பறந்து, மறுபடி இறங்கினால் இன்ஜின் சத்தம் கூடும். ஒரே சரிவில் வழுக்கி இறங்கினால் குறையும், எரிபொருளும் மிச்சம். தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பது இயற்பியல். 3,000 அடியில் வரவேண்டியது 6,000 அடியில் வந்தால் நகரத்துக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்தில் லாபம். நகரம் அல்லது கிராமம் என்ற எதிர்நிலை பொய்யானது என்று மேலே சொன்னது இதனால்தான்.

ஏர்பஸ் 320 வகை விமானத்தின் இறக்கைக்கு அடியில் எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தைச் சீராக்கும் வட்டத் துளைகள் இருக்கின்றன. இறங்கும்போது அவற்றின் குறுக்கே காற்று ஓடி, காலிச் சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் வருவது போல ஒரு நீண்ட ஊளை வரும். துளைக்கு முன்னால் உள்ளங்கையளவு உலோகத் தகடு ஒன்றை ஒட்டினால் அது அடங்கிவிடும். லுஃப்தான்சா 2014இல் அந்தத் தகடுகளோடு விமானங்களைப் பெறத் தொடங்கியது. ஈஸிஜெட்டும் தன் விமானங்களில் பொருத்த முன்வந்தது. கேட்விக் மறுஆய்விலும் இதற்கு இடம் இருந்தது. இதெல்லாம் சின்ன வெற்றி என்று எங்கள் குழுவில் சிலர் ஒதுக்குகிறார்கள். பிள்ளை தூங்கும் அறைக்கு மேல் அந்த ஊளையைக் கேட்டவர் ஒதுக்க மாட்டார்.

புகார் எழுதுவது, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவது, வீட்டை விற்றுப் போவது பற்றியும் கேட்கிறார்கள். புகார் கட்டாயம் எழுதுங்கள், பதிவுக்காக. கண்ணாடி தோட்டத்தைக் காக்காது. தவிர, மானியம் கிடைக்கும் அளவுக்குச் சராசரி எங்களைப் போன்ற ஊர்களில் வராது. விற்பது அவரவர் குடும்ப முடிவு.

எங்கள் 9,000 பவுண்டைப் பற்றிக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். பெரும்பங்கு, சுமார் 5,000, ஒரு சுயேச்சையான ஒலியியல் நிபுணருக்கு. மாற்றம் வருமுன் எங்கள் பள்ளத்தாக்கின் அமைதியை முறைப்படி அளந்து வைக்க வேண்டும். சராசரியை மட்டும் பார்க்காமல், 60 டெசிபெல்லைத் தாண்டும் நிகழ்வு ஒரு மணிக்கு எத்தனை என்றும் அளக்க வேண்டும். எங்கள் நோட்டு நல்ல சாட்சிதான், ஆனால் கருவியின் அளவு பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. 1,500 பவுண்டுக்கு ஒரு வழக்கறிஞரிடம் ஒரே ஒருமுறை ஆலோசனை: எந்தக் கடிதத்தில் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், எந்தத் தேதி முக்கியம். மீதி வங்கியில் இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் சுற்றியுள்ள ஐந்து ஊரும் சேர்ந்துதான் போக வேண்டும், தனியாக நாங்கள் போவதை நான் எதிர்ப்பேன்.

விமான நிலையத்துக்குப் போகும் கடிதத்தில் கோரிக்கைகளின் வரிசை: முதலில் உயரமும் ஒரே சரிவான இறக்கமும், இரண்டாவது முறைவைத்து மாறும் பாதைகள், மூன்றாவது ஒவ்வொரு வரைவுக்கும் நிலமட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டும் வரைபடம், நான்காவது இரவு 11 முதல் காலை 6 வரை இந்தப் பாதையைப் பயன்படுத்தாமல் இருப்பது. நகர்த்தச் சொல்லும் வரி அதில் இல்லை. கடிதத்தின் முதல் பிரதியை மேட்டு வீட்டு ஆசிரியையிடம் காட்டினேன். "எங்கள் கிராமம்" என்று நான் எழுதியிருந்த ஏழு இடத்திலும் அடித்து "இந்தப் பள்ளத்தாக்கும் மேடும்" என்று பென்சிலில் திருத்திக் கொடுத்தார்.

வாக்கெடுப்பு அடுத்த மாதம் 14ஆம் தேதி. வரைவுகள் மீது கருத்துச் சொல்லக் கடைசி நாள் 23. இடையில் இருப்பது ஒன்பது நாள்தான் என்பதால், எந்தத் தரப்பு வென்றாலும் அளவீட்டுக் கருவி 10ஆம் தேதிக்குள் வயலில் நிற்க வேண்டும் என்று தனியாக ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன்.